முதிர்பருவக் கல்வியும் பொருட்கொடையும்: டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

கல்வி வரலாறு பற்றி நம்மிடையே தோன்றிய ஆராய்ச்சிகள், எந்நூல்கள் கற்கப்பட்டன, அவற்றைக் கற்பித்தோர் யாவர் என்னும் இரு வினாக்களைச் சூழ்ந்தே பெரிதும் அமைந்துள்ளன. கற்ற காலத்தில் மாணாக்கன் எதனை உண்டான், அவ்வுணவுக்கு நெல் அளந்தோர் யாவர் என்னும் வினா அத்துணை அழுத்தமாக எழுப்பப்படவில்லை. இளமையிலேயே கல்லூரி புகும் மாணவனுக்கு இவ்வினா பெரிதாகத் தோன்றாதிருக்கலாம். அவனுக்கு உண்டி அளிப்பது தந்தையின் கடனாக உள்ளது. ஆயின், இடையில் கல்வியை நிறுத்திப் பணிபுரிந்து, பின் அப்பணியும் இழந்து, மனையும் மக்களும் உடையவனாய் மீண்டும் கல்லூரி வாயிலில் நிற்கும் ஒருவனுக்கு இதுவே முதல் வினாவாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், டி. கல்லுப்பட்டிப் பகுதியிலிருந்து ஒருவர் நம் முதுகலை வகுப்பில் சேர்ந்தார். அவர்தம் அகவை முப்பதைக் கடந்திருந்தது. இளங்கலைப் பட்டம் பெற்றுப் பல்லாண்டுகள் கழிந்திருந்தன. வேலை பார்த்துவந்த நூற்பாலை மூடப்பட்டபின், ஆசிரியப் பணிக்குத் தகுதி பெறும் நோக்கத்துடன் அவர் தமிழ் பயில வந்தார். இலக்கணத்தில் அவர்க்கு இருந்த கூர்மை நம்மை மகிழ்வித்தது. வேலையற்றோர்க்கு அரசு வழங்கும் உதவித்தொகையை அவர் பெற்றுவந்தார். நாள்தோறும் கல்லூரிக்கு வருபவர் அதனைப் பெறுதல் இயலாது என்னும் விதி பின்னரே அவருக்குத் தெரியவந்தது, தொகை நின்றது. இரண்டாம் பருவத்தின் இடையில் அவர் வருகையும் நின்றது. எந்த அலுவலரும் தவறிழைத்தார் அல்லர். விதி அவ்வாறே உள்ளது. அவ்விதியின் வரலாற்றுப் பின்னணியை ஆராய முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

2. இலக்கியம் காட்டும் நெறி

இளமையே கற்றற்குரிய பருவம் என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியது. ஆத்திசூடி அதனை அறிவுரையாகவே கூறுகின்றது. ஆயின், அஃது ஒன்றே தமிழர் கருத்தென்று கொள்ளுதல் பொருந்தாது. திருக்குறளின் கல்வி அதிகாரத்துள், கற்றவனுக்கு எந்நாடும் தன்னாடாதலைக் கூறி, சாகும் அளவும் ஒருவன் கல்லாது கழிப்பது எதனால் என்று வள்ளுவர் வினவுகின்றார். கல்விக்கு அவர் வகுத்த எல்லை பருவம் அன்று, வாழ்நாளே என்பது அவ்வினாவால் பெறப்படும்.

புறநானூற்றின் 183ஆம் பாடல் நம் ஆராய்ச்சிக்கு மேலும் நெருங்கியது. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய அப்பாட்டு, ஆசிரியர்க்கு உற்ற இடத்து உதவியும், மிக்க பொருள் கொடுத்தும், வழிபடுதலை வெறுக்காதும் கற்றல் நன்று என்று தொடங்குகின்றது. ஒரு குடியிற் பிறந்த பலருள்ளும் அகவையால் மூத்தவனை அழைக்காது அறிவுடையவன் சென்ற வழியே அரசும் செல்லும் என்பது அதன் பிற்பகுதிக் கருத்து. ஈண்டு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, கற்றலின் மதிப்பை அகவை அளப்பதில்லை என்பது. மற்றொன்று, கற்றற்கு ஆகும் பொருள் கற்பவனிடமிருந்தே புறப்படுகின்றது என்பது. பாண்டிய மன்னன் ஒருவன் கல்வியைப் போற்றிப் பாடியும், பொருளற்ற மாணாக்கனுக்கு அரசு கொடுத்தல் வேண்டும் என்னும் கருத்து அப்பாடலில் இடம்பெறவில்லை. புலமை நிரம்பியோர்க்குப் பரிசில் நல்கிய வள்ளல்களைச் சங்க இலக்கியம் பலபடப் பாடுகின்றது. ஆயினும், புலமையை ஈட்டிக்கொண்டிருப்பவனுக்கு நாட்படி அளந்தமை பற்றிய சான்றுகளைப் பிற்காலத்துக் கல்வெட்டுகளிலேயே விரிவாகக் காண்கின்றோம்.

3. கல்வெட்டுகளில் மாணாக்கர் உண்டி

கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலை தொண்ணூற்றைந்து சட்டர்க்கு இடமளித்தது. இன்று குமரி மாவட்டத்தில் உள்ள அவ்வூரில், கோயிலும் சாலையும் ஓர் அறக்கட்டளையின் இரு பகுதிகளாக அமைந்தன.

முதல் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு இன்னும் விரிவானது. விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அவ்வூர்க் கல்லூரியில் 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் இருந்தனர். மாணாக்கருள் 270 பேர் தொடக்க நிலையினர். 70 பேர் மேனிலையினர். மேனிலையினருள் இலக்கணம் பயின்றோர் 25 பேர், பிரபாகரம் பயின்றோர் 35 பேர், வேதாந்தம் பயின்றோர் 10 பேர். தொடக்க நிலையினர்க்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல்லும், மேனிலையினர்க்கு ஒரு குருணி இரு நாழி நெல்லும் விதிக்கப்பட்டன. குருணி என்பது எட்டு நாழி ஆகலின், மேனிலை மாணாக்கர் பெற்றது பத்து நாழியாகும். இச்செலவுகட்கென நாற்பத்தைந்து வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. 1048ஆம் ஆண்டைச் சேர்ந்த திரிபுவனைக் கல்வெட்டிலும் 260 மாணாக்கர்க்கும் 12 ஆசிரியர்க்கும் இவ்வாறே நிலம் விடப்பட்டமை கூறப்படுகின்றது.

ஆறு நாழிக்கும் பத்து நாழிக்கும் இடைப்பட்ட வேறுபாடு சிந்தித்தற்குரியது. மேற்கல்விக்குரிய சிறப்பாகவே அவ்வேறுபாடு வைக்கப்பட்டது எனலாம். அகவை மிகுந்தோர்க்கு உண்டியும் மிகுதியாக வேண்டும் என்னும் கருத்தும் உடனிருந்திருக்கலாம். காரணம் எதுவாயினும், ஒன்று தெளிவு. கற்போனுக்கு முதலில் வேண்டுவது உணவு என்பதையும், கல்வி உயர உயர அவன் தேவையும் உயரும் என்பதையும் அக்கட்டளையை வகுத்தோர் அறிந்திருந்தனர்.

இவற்றைக் கூறுமிடத்து ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. இக்கல்லூரிகள் வேதநெறிக் கல்விக்கென அமைந்தவை; நாட்டு மக்களுட் பெரும்பாலோர்க்கு அவற்றின் வாயில் திறந்திருக்கவில்லை. நிலத்தை உழுது அந்நெல்லை விளைத்தவனின் மகன் அந்நெல்லை உண்டு கற்கவில்லை. ஆகவே, பழங்காலத்தில் எல்லார்க்கும் உண்டி அளித்துக் கற்பித்தனர் என்று பெருமை பேசுதல் வரலாறு ஆகாது. நாம் அக்கல்வெட்டுகளிலிருந்து கொள்ளத்தக்கது கொடையின் முறையே. அதன் எல்லை அன்று.

4. மடமும் பரிசிலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கடனை ஓரளவு தாங்கியவை சைவ மடங்கள். திருவாவடுதுறை ஆதீனத்தின் துணையால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பலர் பாடங் கேட்டனர். அவருள் உ. வே. சாமிநாதையரின் நிலை நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. 1855இல் பிறந்த அவர் 1871இல் பிள்ளையவர்களிடம் மாணாக்கராகச் சேர்ந்தபோதே மணமானவர். 1876இல் ஆசிரியர் மறைந்த பின்னரும், ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் தொடர்ந்து பயின்றார். அவர் குடியிருக்க வீடும் அங்கே அமைந்தது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்கும் வரை அவ்வாதரவு நீடித்தது. இன்றைய சொல்லால் கூறின், வேலையற்ற இருபத்தைந்து அகவையினர் ஒருவர் குடும்பத்தோடு உதவி பெற்றுக் கற்றார். அவ்வுதவி வாய்த்திராவிடின் பிற்காலத்துப் பதிப்புப் பணி எந்நிலை எய்தியிருக்கும் என்பதைத் தமிழ் மாணவர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

1901இல் பாலவநத்தம் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனச் சங்கம் வகுத்த தேர்வுகள், கல்லூரி வாயிலை மிதியாதவர்க்கும் தமிழ்ப் புலமையை நாட்டும் வழியாயின. பணியில் இருந்துகொண்டே தனித்துப் பயின்று தேர்வெழுதியோர் பலர். வித்துவான் தேர்வும் இத்தகையோர்க்குத் துணைநின்றது.

அத்தேர்வின் வழியே உயர்ந்தவர் மு. வரதராசனார். 1912இல் பிறந்த அவர், பள்ளியிறுதித் தேர்வில் வென்றபின் வட்ட அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். உடல்நலக் குறைவால் அப்பணியை விடநேர்ந்தது. ஊரில் ஓய்ந்திருந்த காலத்தில் முருகைய முதலியாரிடம் தமிழ் பயின்றார். 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதல்வராக வெற்றி பெற்று, திருப்பனந்தாள் காசிமடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசைப் பெற்றார். 1939இல் கீழ்த்திசை மொழியில் இளங்கலைப் பட்டமும், 1944இல் முதுகலைப் பட்டமும், 1948இல் முனைவர் பட்டமும் பெற்றார். பின்னர், 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகி, 1974இல் மறையும் வரை அப்பொறுப்பில் இருந்தார்.

இங்கு ஓர் ஐயம் எழக்கூடும். பரிசில் பெற்று உயர்ந்தவர் ஒருவர் இருப்பது, பரிசிலே போதுமானது என்பதற்குச் சான்றாகுமா எனின், ஆகாது. பரிசில், வெற்றிக்குப் பின்னர் வருவது. முதலிடம் பெறும் ஒருவர்க்கே உரியது. படி, கற்கும் காலத்திலேயே வருவது. கற்போர் அனைவர்க்கும் உரியது. எண்ணாயிரத்தில் அளக்கப்பட்டது படி; திருப்பனந்தாளில் வழங்கப்பட்டது பரிசில். இவ்விரண்டையும் வேறுபிரித்து உணராமையே பிற்காலத்து உதவித் திட்டங்கள் சிலவற்றின் குறைக்குக் காரணம் எனக் கருதுகின்றோம்.

5. கல்லுப்பட்டியும் குமரப்பாவும்

மதுரை மாவட்டத்துப் பேரையூர் வட்டத்தில், திருமங்கலத்திலிருந்து இராசபாளையம் செல்லும் பெருவழியில் அமைந்தது டி. கல்லுப்பட்டி. வானம் பார்த்த கரிசல் நிலமும் பருத்தியும் அப்பகுதியின் பழைய வாழ்வுமுதல். மழை பொய்ப்பின் வேலையும் பொய்க்கும். தெற்கே சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலும், சுற்றுப்புறத்து நூற்பாலைகளும் பலர்க்குப் பிழைப்பளித்தன. பள்ளிப் பருவத்திலேயே பலரைக் கல்வியிலிருந்து பிரித்துக் கொண்டுபோயும் விட்டன. ஆதலின், பின்னொருநாள் கற்க விரும்பி மீள்வோர் இப்பகுதியில் மிகுதியாக இருப்பது வியப்பன்று.

இவ்வூரில் 1940இல் கோ. வேங்கடாசலபதி காந்திநிகேதன் ஆசிரமத்தை நிறுவினார். கதர், கைத்தொழில், ஆதாரக் கல்வி ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டது அவ்வமைப்பு. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா 1953 முதல் தம் இறுதி ஆண்டுகளை டி. கல்லுப்பட்டியில் கழித்தார். 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அவர் இயற்கை எய்தினார்.

குமரப்பாவின் வாழ்க்கையில் நம் பொருளுக்குரிய செய்தி ஒன்று உண்டு. 1892இல் தஞ்சையில் பிறந்த அவர், இலண்டனில் கணக்காய்வுப் பயிற்சி பெற்றுப் பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தியவர். முப்பத்தைந்து அகவை எய்தியபின், 1927இல் அமெரிக்கா சென்று மீண்டும் மாணவரானார். 1928இல் சிராக்யூசுப் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகத்தில் பட்டம் பெற்றார். பின்னர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொதுநிதி பயின்றார். இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில ஆட்சியின் நிதிமுறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரையே அவரைக் காந்தியடிகளிடம் கொண்டுசேர்த்தது. 1929ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் சபர்மதியில் இருவரும் சந்தித்தனர். அக்கட்டுரை ‘யங் இந்தியா’ இதழில் தொடர்ந்து வெளிவந்தது. குசராத்து வித்யாபீடத்தில் பொறுப்பேற்ற குமரப்பா, மாணவர்களை உடன்கொண்டு கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தின் பொருளியல் நிலையை ஆராய்ந்தார்.

முப்பத்தைந்தில் கல்லூரிக்கு மீண்ட ஒருவர் நாட்டின் பொருளியற் சிந்தனைக்கே புதுநெறி காட்டினார் என்பது இதனால் விளங்கும். ஆயின், அவர் மீண்டது தம் கைப்பொருளைக்கொண்டு. தணிக்கைத் தொழில் ஈட்டித் தந்த பொருள் அவரிடம் இருந்தது. அதே முப்பத்தைந்தில், அதே கல்லுப்பட்டியில், வேலை இழந்து மீள்பவரிடம் அஃது இல்லை. அறிவின் வேட்கை இருவர்க்கும் ஒன்றே, வேறுபடுவது பொருள்.

காந்தியடிகளின் ஆதாரக் கல்வி இச்சிக்கலுக்கு ஒரு விடை கூற முயன்றது. 1937இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் உருப்பெற்ற அக்கொள்கை, கைத்தொழிலை நடுவாகக் கொண்டு, கற்போன் உழைப்பே கல்விச் செலவைத் தாங்கவேண்டும் என்றது. 1945இல் சேவாகிராமத்தில் கூடிய மாநாட்டில், இக்கல்வி பள்ளிச் சிறுவர்க்கு மட்டும் உரியதன்று, வாழ்நாள் முழுமைக்கும் உரியது என அடிகள் விரித்துரைத்தார். முதியோர் கல்வியும் அதன் ஒரு பகுதியாயிற்று. கல்லுப்பட்டி ஆசிரமம் இக்கொள்கையின் நிழலில் வளர்ந்தது.

இக்கொள்கையின் வலிமையை ஒப்புக்கொள்ளுமிடத்து அதன் எல்லையையும் கூறவேண்டும். இராட்டையில் நூற்கும் நூல் ஒருவனுக்கு உடை தரலாம். அவன் மனைவி மக்களுக்கு மூன்றாண்டு உணவு தருமா என்பது ஐயமே. உழைத்துக்கொண்டே கற்றல், உடல்வலியும் ஓய்வும் உடைய இளைஞர்க்கு எளிது. குடும்பச் சுமை உடையார்க்குக் கற்றற்குரிய பொழுதையே அவ்வுழைப்பு உண்டுவிடும். பணத்தால் மட்டும் செல்வத்தை அளத்தல் தவறு என்றும், உணவும் உடையும் உறையுளுமே பொருளியலின் முதற்கடன் என்றும் குமரப்பா வலியுறுத்தினார். அவர் அளவுகோலையே கொண்டு நோக்கின், கல்லூரிக் கட்டணத்தை நீக்கியதோடு உதவி நிறைந்தது எனக் கொள்ளுதல் இயலாது.

6. பல்கலைக்கழகமும் அஞ்சல்வழிக் கல்வியும்

1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியது. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அதன் முதல் துணைவேந்தர். 1971இல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கப்பட்டது, மு. வரதராசனார் துணைவேந்தரானதும் அவ்வாண்டே. 1978இல் பல்கலைக்கழகம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. ஆலைத் தொழிலாளரும், தொடக்கப் பள்ளி ஆசிரியரும், மனைவாழ் மகளிரும் தம் ஊரில் இருந்துகொண்டே பட்டம் பெறும் வாய்ப்பு இதனால் எய்தியது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பெற்றன.

அஞ்சல்வழிக் கல்வி காலத் தடையை நீக்கியது. பொருட் கவலையை ஓரளவு குறைத்தது. ஆயினும், ஆசிரியர் முன் அமர்ந்து பாடங்கேட்டல் என்னும் பேறு அதனால் முழுமையாகக் கிட்டுவதில்லை. தொல்காப்பியச் சேனாவரையத்தைத் தனித்திருந்து பயின்றோர் இதன் அருமையை அறிவர்.

மேலும் ஓர் இடர் பின்னர் நேர்ந்தது. பள்ளிக் கல்வியையோ இளங்கலையையோ முறைப்படி முடியாதவரும், குறித்த அகவை நிரம்பியிருப்பின் நேரே பட்டப்படிப்பில் சேரலாம் என்னும் திறந்தநிலை முறையைப் பல்கலைக்கழகங்கள் சில கைக்கொண்டன. 2009ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், இளங்கலைப் பட்டம் இன்றி அம்முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாம் வகுப்பும் மேல்நிலை வகுப்பும் தேறாது திறந்தநிலை முறையில் பெற்ற பட்டங்களை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என அவ்வாண்டே தமிழக அரசும் ஆணையிட்டது. கல்வித் தரம் நோக்கி எழுந்த முடிவுகள் இவை. அவற்றின் நியாயத்தை ஈண்டு ஆராய்தல் நம் நோக்கமன்று. ஆயின், முதிர்பருவத்தில் மீண்டும் கற்க வருவோர்க்கு அகவையைத் தகுதியாகக் கொண்டு திறந்த வாயில் இதனால் பெரிதும் குறுகியது என்பதை வரலாறு குறித்துக்கொள்ளல் வேண்டும்.

7. அரசின் உதவித்தொகைகள்

1944இல் இந்திய அரசு தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்க்கெனப் பள்ளியிறுதிக்கு மேற்பட்ட கல்விக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. கட்டணத்தோடு உணவுக்கும் படி வழங்கும் இத்திட்டம், முன்னர் வாயில் அடைக்கப்பட்டோர்க்கு எண்ணாயிரத்தின் நெல்லளவை நீட்டித்தது எனலாம். அஞ்சல்வழி பயில்வோர்க்கும் கட்டணமும் நூற்செலவும் அளிக்க இதில் இடமுண்டு. எனினும், ஒரு நிலையில் பட்டம் பெற்றவர் அதே நிலையில் வேறொரு பாடம் பயிலின் உதவிக்கு உரியராகார் என்னும் விதியும் இதில் அமைந்துள்ளது. வணிகவியலில் இளங்கலை முடித்துப் பணியிழந்து, பின் தமிழில் இளங்கலை பயில வருபவர் இவ்விதியால் விலக்கப்படுவர். தொழில் மாறநேர்வது முதிர்பருவ மாணவரின் பொதுநிலை. அந்நிலையையே இவ்விதி நோக்கத் தவறியது.

2006இல் தொடங்கிய தமிழக அரசின் வேலையற்றோர் உதவித்தொகைத் திட்டம் நம் பொருளுக்கு நேரே உரியது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு நிறைந்தும் வேலை பெறாதோர்க்கு மூன்றாண்டுகள் இத்தொகை வழங்கப்படுகின்றது. அண்மை ஆண்டுகளின் விதிப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதோர்க்குத் திங்கள்தோறும் 200 ரூபாயும், தேறியோர்க்கு 300 ரூபாயும், மேல்நிலை வகுப்புத் தேறியோர்க்கு 400 ரூபாயும், பட்டதாரிகட்கு 600 ரூபாயும் உரியன. குடும்பத்தின் ஆண்டு வருவாய் 72,000 ரூபாய்க்கு மேற்படுதல் கூடாது. அகவை எல்லை பொதுவாக நாற்பது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர்க்கு நாற்பத்தைந்து. மாற்றுத்திறனாளிகட்குத் தனி விதிகள் உள்ளன.

இவ்விதிகளை ஒருங்குவைத்து எண்ணுவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். மேல்நிலை வகுப்பைப் பதினேழு அகவையில் முடித்து அன்றே பதிந்தவர், இருபத்திரண்டில்தான் இத்தொகையைப் பெறத் தொடங்குவார். ஆகவே, இஃது இயல்பாகவே முதிர்பருவத்தார்க்குரிய தொகையாகின்றது. வழங்கப்படும் மூன்றாண்டும் ஓர் இளங்கலைப் படிப்பின் மூன்றாண்டும் ஒத்திருக்கின்றன. மேல்நிலை தேறியவர் மூன்றாண்டில் பெறும் 14,400 ரூபாயும், பட்டதாரி பெறும் 21,600 ரூபாயும் குடும்பம் நடத்தப் போதா. ஆயினும், கற்போன் ஒருவனுக்குப் பேருந்துச் செலவும் நூற்செலவும் ஆகும். கல்விக்குக் கருவியாகத்தக்க தொகை இதுவெனல் மிகையாகாது.

ஆயின், நாள்தோறும் பள்ளிக்கோ கல்லூரிக்கோ சென்று பயில்வோர் இத்தொகையைப் பெறுதல் இயலாது என்பது விதி. தொலைதூரக் கல்வியிலும் அஞ்சல்வழிக் கல்வியிலும் பயில்வோர் பெறலாம். நாள்தோறும் வகுப்பில் அமர்பவர் வேலை தேடும் நிலையில் இல்லை என்னும் கருத்தே இவ்வேறுபாட்டின் அடிப்படை போலும்.

இதற்கு மறுதலையாக அமைந்தது 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வி கற்கும் மகளிர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் இதனால் கிடைக்கின்றது. ஆடவர்க்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் தொடங்கியது. இவை பள்ளியிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் இளையோரை நோக்கி வகுக்கப்பட்டவை. கட்டணச் சலுகையாக அன்றிக் கைச்செலவுக்குரிய படியாகவே வழங்கப்படுதல் இவற்றின் சிறப்பு. எனினும், புதுமைப் பெண் திட்டத்தில் தொலைதூரக் கல்வி பயில்வோர்க்கு இடமில்லை. ஆக, ஒரு திட்டம் வகுப்பறைக்கு வருவோரை விலக்குகின்றது. மற்றொன்று வகுப்பறைக்கு வராதோரை விலக்குகின்றது. இரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில் நிற்பவர், வேலை இழந்து வகுப்பறைக்கு மீளும் முதிர்பருவ மாணவர்.

8. பிறநாட்டு வழக்குகள்

இவ்விடைவெளி நமக்கே உரியதன்று. அமெரிக்க நாடு 1944ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள் இயற்றிய சட்டம், போரிலிருந்து மீளும் வீரர்க்குக் கல்விக் கட்டணமாக ஆண்டொன்றுக்கு 500 டாலர் வரையும், வாழ்க்கைச் செலவிற்குத் தனியராயின் திங்களுக்கு 50 டாலரும், குடும்பத்தாராயின் 75 டாலரும் அளித்தது. ஏறத்தாழ 22 இலட்சம் பேர் இதனால் கல்லூரி புகுந்தனர். வேலையற்ற வீரர் பெருகிவிடுவர் என்னும் அச்சமே அச்சட்டத்திற்கு ஒரு காரணம். கட்டணத்தையும் படியையும் தனித்தனியே வகுத்தமையும், குடும்பத்தார்க்குக் கூட்டிக் கொடுத்தமையும் நோக்கத்தக்கன. சுவீடன் நாட்டில், இருபத்தைந்து அகவை நிரம்பி நான்காண்டு உழைத்தவர் பல்கலைக்கழகம் புகலாம் என்னும் விதி 1977இல் பொதுவிதியாயிற்று. இங்கிலாந்தில், வேலையற்றோர் உதவித்தொகையை இழவாமலே வாரத்தில் குறித்த மணி அளவு பயிலலாம் என்னும் வழக்கு இருந்தது. இருபத்தொரு மணி என்றிருந்த அவ்வளவு 1996இல் பதினாறு மணியாகக் குறைக்கப்பட்டது. வேலை தேடலும் கல்வியும் ஒருங்கு நிகழலாம் என அவ்வழக்கு ஒப்புக்கொண்டது; எத்துணை மணி என்பதே அங்கு எழுந்த வினா.

9. முடிபுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, தமிழகத்தில் கல்விக்கொடை என்பது தொன்றுதொட்டு உண்டியையே முதன்மையாகக் கொண்டது. கட்டணம் நீக்கல் மட்டுமே உதவி எனக் கொள்ளுதல் பிற்கால வழக்கு. இரண்டாவது, கற்போரின் நிலைக்கேற்ப அளவை வேறுபடுத்தும் வழக்கு எண்ணாயிரத்திலேயே உண்டு. குடும்பத்தோடு ஆதரித்தல் திருவாவடுதுறையில் உண்டு. மூன்றாவது, இன்றைய திட்டங்களில் தொகை இருந்தும், முதிர்பருவ மாணவர் விதிகளின் இடைவெளியில் விடுபட்டுள்ளார்.

இவ்விடைவெளியை நீக்குதற்குப் பெரும்பொருள் வேண்டும் என்று நாம் கருதவில்லை. ஐந்தாண்டு காத்திருந்து வேலையற்றோர் உதவித்தொகைக்கு உரியரானவர், அரசுக் கல்லூரியிலோ உதவிபெறும் கல்லூரியிலோ சேர்ந்து பயிலத் தொடங்கின், மூன்றாண்டிற்கும் அத்தொகை தொடரலாம் என விதியைத் திருத்துதல் அமையும். அவர் பயிலாதிருப்பினும் அரசு அத்தொகையை வழங்கியே தீரும்; பயில்வதனால் அரசுக்குக் கூடுதற் செலவு நேர்வதில்லை. பயில்வதனாலேயே ஒருவர் அதனை இழப்பதுதான் பொருந்தாதது.

தமிழ்த் துறைகட்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. வேறு துறைகளிற் பயின்று பின்னர்த் தமிழ்க்கு வருவோரும், இடைவிட்டு மீள்வோரும் நம் வகுப்புகளில் என்றும் இருந்து வந்துள்ளனர். வித்துவான் தேர்வுக் காலத்திலிருந்தே நம் துறை அவர்களால் வளம் பெற்றது. மதுரையைச் சூழ்ந்த ஊர்களில் இங்ஙனம் மீண்டு வந்தோர், இடையில் நின்றோர் பற்றிய செய்திகளைத் தொகுப்பது ஆய்வு மாணவர்க்கு ஏற்றதொரு பணி. கல்வெட்டில் நாழிக் கணக்கைப் படிக்கும் கண்ணால் நம் வருகைப் பதிவேட்டையும் படித்தல் வேண்டும். முன்னர்க் கூறிய மாணவரின் பெயர் எதிரே, இரண்டாம் பருவத்தின் இடையிலிருந்து வெற்றிடமே உள்ளது. அஃது அவர் வேட்கையின் குறைவால் நேர்ந்ததன்று என்பதை அவரைக் கற்பித்த நாம் அறிவோம்.